செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை: சாமான் மாற்றலா, ஸ்கேனரா, கைச் சோதனையா?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சினும் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. பழைய மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. நம் குமரி மாவட்டத்தில் இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சந்தேகப்படும் சாமானை வாங்கி மாட்டிப் பார்ப்பது ஒரு வழி. ரெக்கவரி வண்டியில் ஏற்றி, ஸ்கேனர் உள்ள வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புவது இன்னொன்று. நின்ற இடத்திலேயே பிளக்குக்குப் போகும் கரண்ட், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் இரண்டில் எது வரவில்லை என்று கையால் சோதித்துவிட்டு, அப்புறம் முடிவெடுப்பது மூன்றாவது. பழைய காருக்கு மூன்றாவதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற இரண்டும் வீண் என்று சொல்லவில்லை, அவற்றுக்கான நேரம் பிறகுதான் வரும்.

சாமான் மாற்றும் வழி ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்பது புரிகிறது. மாருதி 800-க்கு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கிடைக்காத சாமான் குறைவு, விலையும் கையைக் கடிக்காது. பிளக், பெட்ரோல் ஃபில்டர் மாதிரி எப்படியும் மாற்ற வேண்டியதை மாற்றுவதில் நஷ்டமே இல்லை. காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தருவது), டேங்க் பம்ப், சென்சார் என்று போகும்போதுதான் கணக்கு மாறுகிறது. மாட்டிப் பார்த்த எலக்ட்ரிக் சாமானைப் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதைவிட மோசம், புதிதாக மாட்டிய மட்டச் சாமானே பழுதாக இருந்தால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும், எது பழையது எது புதியது என்று பிரிக்கவே முடியாது. இந்த வழியில் காசு செலவில்லாத ஒரு வித்தை மட்டும் உண்டு. பல கார்களில் ஹாரன் ரிலேயும் பெட்ரோல் பம்ப் ரிலேயும் (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சின்னச் சுவிட்ச் பெட்டிகள்) ஒரே எண்ணில் இருக்கும். எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும்.

ஸ்கேனர் விஷயத்தில் எதிர்பார்ப்பு சற்று அதிகம். ஆயிரம் ரூபாய்க்குள் புளூடூத் கருவி கிடைக்கிறது, வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்த கோளாறு எண்ணை, அதாவது ‘கோடு’ (code), செல்போனிலேயே பார்க்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தியாவில் கார்களுக்கு ஓ.பி.டி. (வண்டியே தன் கோளாறைக் கண்டு பதிவு செய்யும் ஏற்பாடு) கட்டாயமாக வந்தது 2010-க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் (கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சுபவை) பலவற்றில் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் இருக்காது, இருந்தாலும் மலிவுக் கருவியோடு பேசாது. கம்ப்யூட்டர் இல்லாமல் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வண்டியில் ஸ்கேனருக்கு வேலையே இல்லை. இன்னொன்று, ஃபில்டர் அடைத்தோ பம்ப் தளர்ந்தோ பிரஷர் குறைந்தால் பல பழைய வண்டிகளில் எந்தக் கோடும் விழாது. ‘கோடு இல்லை, எஞ்சின்தான் கோளாறு’ என்ற தீர்ப்பை இதனால்தான் உடனே நம்பக்கூடாது. ஸ்கேனர் உண்மையில் உதவும் இடம், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். எண் பூஜ்யத்திலேயே நின்றால் சென்சாரும் அதன் வயரும் முதல் சந்தேகம். ஓடிக்கொண்டிருந்த வண்டி சூட்டில் நின்று, அரை மணி நேரம் ஆறிய பிறகு எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இனி கைச் சோதனை. முதல் வேலை பேட்டரி. செல்ஃப் அடிக்கிறதே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கினால் எஞ்சின் சுற்றினாலும் பிளக்கில் கரண்ட் பலவீனமாகும், இ.சி.யூ.வும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) சரியாக வேலை செய்யாது. முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றது அப்புறம்.

அடுத்து, கரண்டா பெட்ரோலா? இதைப் பிரிக்க இரண்டு சோதனைகள் போட்டி போடுகின்றன. ஒன்று பிளக் சோதனை: பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மாட்டி, மரை பாகம் எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வது. நீலமாக, சுளீரென்று வெட்டினால் நல்லது. மஞ்சளாக நூல் போல வந்தால் போதாது. வெறும் வயரை எஞ்சினுக்குத் தூரமாகப் பிடித்து வெட்டவிடும் பழைய பழக்கம் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் வேண்டாம், காயிலும் இ.சி.யூ.வும் போய்விடும். பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டுச் செய்தால் பிளக் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் அபாயமும் குறையும்.

மற்றது ஸ்ப்ரே சோதனை. ஏர் ஃபில்டர் குழாயில் கார்புரேட்டர் கிளீனரை ஒரு நொடி அடித்து, மூடிவிட்டு, செல்ஃப் அடிப்பது. இரண்டு விநாடி பிடித்துவிட்டு நின்றால் கரண்ட் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. இது வேகமானது, ஸ்பேனர் வேண்டாம், தனி ஆளாகவும் செய்யலாம். அதனால் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு என் ஓட்டு ஸ்ப்ரேக்கு. கார்புரேட்டர் வண்டிக்குப் பிளக்கைக் கழற்றுவதே மேல். கழற்றிய பிளக் இன்னொரு செய்தியும் சொல்லும்: நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் வண்டி ஃப்ளட் ஆகியிருக்கிறது, அதாவது உள்ளே பெட்ரோல் மிஞ்சிவிட்டது. போர்டிகோவிலிருந்து பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைத்த மாருதி 800-இல் இது அடிக்கடி நடக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் தெளிந்துவிடும். பழைய ஆட்கள் கார்புரேட்டர் வாயில் நேராகப் பெட்ரோல் ஊற்றுவார்கள். பேக்ஃபயர் ஆகி எஞ்சினுக்குள் எரியும் தீ வெளியே திரும்பினால் முகத்தில் தீ. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்தால் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வையுங்கள். சாவியை ஆன் செய்ததும் இரண்டு மூன்று விநாடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் ஓடும் ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லையா? ஃபியூஸ், ரிலே, அப்புறம் டேங்க் அடியில் கையால் நாலு தட்டு. தட்டியதும் ஓடினால் பம்ப் கடைசிக் காலத்தில் இருக்கிறது, வீடு போய்ச் சேர்ந்ததும் மாற்றிவிடுங்கள். ஒலி கேட்டாலும் பிரஷர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏறக்குறைய 3 பார் வருகிறதா என்று சொல்லக்கூடியது பிரஷர் கேஜ் மட்டும்தான்.

எந்தச் சோதனையில் தொடங்குவது என்பதை நம் ஊரில் வண்டி எங்கே நின்றது என்பதை வைத்தும் தீர்மானிக்கலாம். ஆனி, ஆடிச் சாரல் ஒருமுறை, ஐப்பசி மழை ஒருமுறை என்று இரண்டு தடவை நனைகிற மாவட்டம் இது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தடியில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் நான் கரண்டிலிருந்துதான் தொடங்குவேன். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை (கேப்) கழற்றி உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் பிடித்துவிடும். கேப்பின் உள்ளே கறுப்புக் கோடு ஓடியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். இருட்டில் பானட்டைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடித்தால் வெடித்த பிளக் வயரில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். தோட்டப் பகுதியில் எலி கடித்த வயரையும் அப்போதே தேடிவிடுங்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் எதிரி உப்புக்காற்று. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை வெளியில் நன்றாக இருக்கும், உள்ளே பச்சை பூத்துத் தின்றிருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. நல்ல காயிலும் நல்ல இ.சி.யூ.வும் குப்பைக்குப் போவதற்குக் காரணமாகிற கோளாறு இது. தேய்த்துச் சுத்தம் செய்து முறுக்கினால் செலவே இல்லாமல் தீரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுக் கார் தனி ரகம். லீவுக்கு வரும்வரை ஷெட்டில் நிற்கும். அங்கே பெட்ரோலிலிருந்து தொடங்குங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். கொஞ்சம் பிடித்துக் கண்ணாடி பாட்டிலில் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்யாமல் வேறு எதையும் தொட வேண்டாம். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டும் அடைத்திருக்கும், பழைய ரப்பர் ஹோஸும் கசியலாம்.

டீசல் இண்டிகா, சுமோ வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அங்கே பிளக் கரண்ட் கிடையாது. லைனில் ஏர் பிடித்திருக்கிறதா, பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டுக்குக் கரண்ட் வருகிறதா, எஞ்சினைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் சூடாகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, எஞ்சின் உடைந்துவிடும்.

ரெக்கவரி வண்டியைத் தயங்காமல் கூப்பிட வேண்டிய நேரமும் உண்டு. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் ‘விர்ர்’ என்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். சில எஞ்சின்களில் மேலும் மேலும் சுற்றினால் வால்வு வளையும். சாவியை எடுத்துவிடுங்கள். மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு), இன்னொரு சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அதற்கும் ஸ்கேனர்காரர்தான் வேண்டும். ஏற்றி அனுப்பும்போது பேட்டரி வோல்ட் எவ்வளவு, ஸ்ப்ரேக்குப் பிடித்ததா, பம்ப் ஒலி கேட்டதா என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். தேடும் நேரம் குறைந்தால் கூலியும் குறையும்.