கீழக்கரையிலிருந்து மதுரைக்கு: மாமாவின் கண்ணோடு போன விடுமுறை

ஷார்ஜாவிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதில், விடுமுறையில் பாதி மாமாவின் இடது கண்ணுக்கே சரியாகிவிட்டது. பெரியவர்களின் வைத்தியத்தைப் போனிலேயே நடத்துகிற என் போன்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மாமா நெடுங்காலம் கடலுக்குப் போனவர். வெயிலும் உப்புக்காற்றும் படுகிற எங்கள் கரையில் கண்ணில் சதை வளர்வது சாதாரணம். அதனால் இமையோரம் சிவப்பாகத் தெரிந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலி இல்லை, பார்வையும் குறையவில்லை. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடுவார், சிவப்பு அடங்கும். நிறுத்தினால் திரும்ப வரும், திரும்ப வாங்குவார். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன்: டெக்சாமெதசோன். ஸ்டீராய்டு! டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டவுடன் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் அதுதான்.

ராமநாதபுரத்தில் பார்த்த கண் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. மாமாவைக் கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைத் தூக்கினார். சதை வளர்ச்சி என்றால் பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறும். இதுவோ இமைக்கு அடியில், மடிப்புக்குள், வழவழவென்று ஒரு இளஞ்சிவப்புத் திட்டு. சால்மன் மீனின் சதை மாதிரி என்றார். ஆயுள் முழுக்க மீனோடு கிடந்த மாமாவுக்கு அந்த மீனைத் தெரியாது. எனக்கு ஷார்ஜா கடையில் பார்த்த பழக்கம். லிம்போமா என்கிற ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம், மதுரைக்குப் போய்விடுங்கள் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்.

1976-ல் அரவிந்த் 11 படுக்கைகளோடு தொடங்கியதிலிருந்தே மதுரை கண் வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். நாங்கள் போனது வேறோர் ஆஸ்பத்திரி. காலையிலேயே டோக்கன் போட்டும் டாக்டரைப் பார்க்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆனால் பார்த்தவர் உட்கார வைத்துப் பேசினார். ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களில் ஒரு வகை லிம்போசைட். அதில் பிறக்கும் புற்றுநோய் கண்ணின் மேல் சவ்வு, இமை, கண்ணீர்ச் சுரப்பி, கண்குழி எங்கும் வரலாம். கண்குழியில் வந்தால் விழி முன்னே தள்ளும், இமை தொங்கும், சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரியும். இந்த இடங்களில் அதிகம் வருவது மெதுவாக வளரும் மால்ட் வகை. விழிக்கு உள்ளேயே வருவது வேறு கதை: பூச்சி பறப்பது போலிருக்கும், பார்வை மங்கும், சாதாரண கண் அழற்சி என்றே வைத்தியம் நடக்கும். அது மூளையோடு சேர்ந்தது, அதனால் எம்ஆர்ஐ கட்டாயம்.

மருந்துக் கடைச் சொட்டுக்கு வருகிறேன். லிம்போமா ஸ்டீராய்டுக்குச் சுருங்கும், ஆனால் போகாது. சுருங்கிய சமயம் சதைத் துணுக்கு எடுத்தால் முடிவு தெளிவாக வராமலும் போகலாம். அதனால் சொட்டை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துத்தான் பயாப்சி எடுத்தார்கள். முடிவு மால்ட் என்று வந்தது. உடம்பில் வேறெங்கும் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள், இல்லை. மாமிக்கு அன்றுதான் சாப்பாடு இறங்கியது.

அடுத்தது கதிர்வீச்சு. கதிர்வீச்சை கிரே என்ற அலகில் அளக்கிறார்கள். சுமார் 24 கிரே அளவை 12 தவணையாகக் கொடுப்பது வழக்கமாம். 2 தவணையில் 4 கிரே மட்டும் கொடுத்துப் பார்க்கும் முறையும் உண்டு. போதாவிட்டால் பிறகு மீதி. கண் வறட்சி, புரை போன்ற தொல்லைகளும் குறைவு. "ரெண்டு தடவை மதுரைக்குப் போறதே போதும் மருமவனே" என்று மாமா அதையே பிடித்துக்கொண்டார். டாக்டருக்கும் சம்மதம்.

இது பல வருஷம் கழித்தும் திரும்பும் நோய், மற்றக் கண்ணிலும் வரலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் மதுரைக்கு அலைய முடியாது. ராமநாதபுரம் டாக்டரே பார்த்து, படமெடுத்து அங்கே அனுப்பலாமா என்று கேட்டேன். மதுரையில் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நேரில் வரவேண்டும். பயாப்சி அறிக்கை, ஸ்கேன் சிடி எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு செட் மாமியிடம், ஒரு செட் என்னிடம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதல் நாளே கையில் கொண்டுபோங்கள். நாங்கள் அட்டையைக் கீழக்கரையில் வைத்துவிட்டுப் போனதால் பேருந்துக்காரரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி வாங்க வேண்டியதாயிற்று.