அக்குபங்சரா, ட்ரை நீட்லிங்கா?

தோள்பட்டை வலி என்று போனால், அக்குபங்சர் செய்பவரும் சரி, ட்ரை நீட்லிங் செய்யும் பிசியோதெரபிஸ்டும் சரி, கையில் எடுப்பது ஒரே வகை ஊசியைத்தான். துளையில்லாத மெல்லிய எஃகு ஊசி, தடிமன் கால் மில்லிமீட்டர் சுற்றி இருக்கும். மருந்து எதுவும் உள்ளே போகாது. வேறுபாடு, ஊசியை எங்கே குத்துவது என்று முடிவு செய்யும் விதத்தில் இருக்கிறது.

அக்குபங்சர் சீன மருத்துவத்தின் பகுதி. அதன் அடிப்படை நூல்கள் 2000 ஆண்டுப் பழமையானவை. உடலில் 12 முக்கியப் பாதைகளில் உயிராற்றல் ஓடுகிறது, அந்த ஓட்டம் கெட்டால் நோய் வருகிறது என்பது அதன் கணக்கு. இந்தப் பாதைகளை ஒட்டி ஊசி குத்தும் இடங்கள்தான் புள்ளிகள், உலக சுகாதார நிறுவனம் வரிசைப்படுத்தியவை மட்டும் 361. மரபு வழியில் செய்பவர் நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், தூக்கம், செரிமானம் எல்லாம் விசாரிப்பார். தோள் வலிக்கு முழங்காலுக்குக் கீழே ஊசி போட்டாலும் ஆச்சரியமில்லை. போட்ட ஊசிகளை 20, 30 நிமிடம் அப்படியே விட்டுவைப்பார். பலர் தூங்கியே போவார்கள்.

ட்ரை நீட்லிங்கில் தூங்க முடியாது. இதன் வேர் 20-ஆம் நூற்றாண்டு மேற்கத்திய மருத்துவத்தில் இருக்கிறது. பின்னாளில் அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிரவெல், தசையில் இறுகிக் கிடக்கும் முடிச்சுகளைத் தேடி, அவற்றில் மரப்பு மருந்தைச் செலுத்தி வலியைக் குறைத்தார். டிரிகர் பாயின்ட் என்பது அந்த முடிச்சுதான். கழுத்தோரத் தசையில் முடிச்சு இருந்தால் நெற்றிப்பொட்டில் வலிக்கும், அதுதான் அதன் குணம். 1979-இல் செக் மருத்துவர் கரேல் லெவிட், வலி குறைவதில் மருந்தைவிட ஊசி குத்துவதற்கே பெரிய பங்கு உண்டு என்று எழுதினார். அப்புறம் மருந்தில்லாத ஊசியே தனிச் சிகிச்சையாக வளர்ந்தது. அழுத்திப் பார்த்து, "இதே வலிதான்" என்று நோயாளி சொல்லும் இடத்தில் குத்தி, ஊசியை மேலும் கீழும் அசைப்பார்கள். தசை சட்டென்று ஒருமுறை துடிக்கும். ஓரிரு நாள் அந்த இடம் அடிபட்டது போல வலிப்பது சாதாரணம்.

இது எங்களுடையதுதான், பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது அக்குபங்சர்காரர்களின் கோபம். அதில் பாதி நியாயம் உண்டு. அழுத்தினால் வலிக்கும் இடத்திலேயே குத்தும் முறை 7-ஆம் நூற்றாண்டு சீன மருத்துவர் சுன் சிமியாவ் எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் கண்டுபிடித்த பாதை வேறு என்பதும் உண்மை. "நாங்கள் அறிவியல், அவர்கள் நம்பிக்கை" என்று ட்ரை நீட்லிங் தரப்பு பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே நோயாளியை இரண்டு பேர் தடவிப் பார்த்தால் முடிச்சு எங்கே என்பதில் அவர்களுக்குள்ளேயே பல நேரம் ஒத்துப்போவதில்லை. டிரிகர் பாயின்ட் கோட்பாட்டையே கேள்வி கேட்கும் வலி நிபுணர்களும் இருக்கிறார்கள்.

சான்றுகளைப் பார்த்தால் இரண்டு தரப்புக்குமே சங்கடம். ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், முறையான அக்குபங்சரால் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். ஊசி உதவுகிறது, ஆனால் இடம் பெரிதாக முக்கியமில்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன். ட்ரை நீட்லிங்கைப் பொறுத்தவரை, கழுத்து, தோள் தசை வலிகளுக்குக் குறுகிய கால நிவாரணம் தெரிகிறது. நீண்ட காலப் பலனுக்கு ஆதாரம் மெலிவு. அதனால்தான் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஊசியோடு நிறுத்தாமல் உடற்பயிற்சியும் சொல்லித் தருவார்.

ஓரிடத்தில் பிடித்துக்கொண்ட தசை, அசைத்தால் வலி என்றால் நான் ட்ரை நீட்லிங் பக்கம் சாய்வேன். மைக்ரேன் அடிக்கடி வராமல் தடுக்க வேண்டும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான குமட்டல் என்றால் அக்குபங்சர்தான், அங்கே ட்ரை நீட்லிங்குக்குப் பெரிதாக வேலை இல்லை. ஊசியைக் கண்டாலே பயப்படுகிறவருக்கும் அக்குபங்சரே மென்மையானது.

பயிற்சி விஷயம்தான் குழப்பம். அக்குபங்சரை முறையாகப் படிக்கச் சில ஆண்டுகள் ஆகும். ட்ரை நீட்லிங்கைச் சில வார இறுதி வகுப்புகளிலேயே முடித்துவிடலாம், ஆனால் படிப்பவர் ஏற்கெனவே உடற்கூறியல் கற்ற பிசியோதெரபிஸ்ட். எது போதும் என்பதில் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டமே மாறுகிறது. எந்தப் பெயர்ப் பலகையாக இருந்தாலும், புதிய ஊசியை உறை பிரித்துத்தான் எடுக்கிறாரா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தசைக்குச் சற்றுக் கீழேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி ஆழமாகப் போனால் அது துளைபடும். அரிதுதான், இரண்டு முறைகளிலும் நடந்திருக்கிறது. அங்கோ மார்பு, மேல்முதுகுப் பகுதியிலோ ஊசி போட்ட பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் குத்தினாலோ, ஊசி வலிதானே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.