சென்னை விமான நிலையத்தில் இருபது ரூபாய்க் காபி

விலைப் பலகையைப் பார்த்தவுடன் "எனக்குப் பசிக்கவில்லை" என்று சொல்லிவிடுவது என் தாயாரின் வழக்கம். வேறொரு நகரத்து விமான நிலையத்தில், ஒரு காபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கேட்ட கடையின் முன்னால் அவர் அப்படித்தான் சொன்னார். நான் எவ்வளவு வற்புறுத்தியும் விமானம் ஏறும்வரை எதுவும் சாப்பிடவில்லை. ஆகவே, அண்மையில் சென்னையிலிருந்து கோவைக்கு அவருடன் புறப்பட்டபோது, உள்நாட்டு முதலாம் முனையத்தில் உள்ள மலிவு விலைச் சிற்றுண்டிக் கடையான உடான் யாத்ரி கஃபேக்கு நேராக அழைத்துச் சென்றேன்.

இங்கே தேநீர் 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், காபி, சமோசா, இனிப்பு ஆகியவை தலா 20 ரூபாய். இரண்டு காபி, இரண்டு சமோசா, ஒரு தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 90 ரூபாய்தான் ஆயிற்று. கள்ளிச்சொட்டாக இறங்கிய டிகாக்‌ஷனில் கலந்த கும்பகோணம் டிகிரி காபியை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் இங்கே வர வேண்டியதில்லை. பயணத்துக்கு முன் தொண்டையை நனைக்கச் சூடான காபியும், வயிற்றுக்குச் சிறிது ஆதாரமும் கிடைக்கின்றன; அம்மா விலையைக் கேட்டு முகம் சுளிக்காமல், நிதானமாக உட்கார்ந்து குடித்தார். எனக்கு அதுவே பெரிய நிறைவாக இருந்தது.

விமான நிலையங்களில் தண்ணீர் நூறு ரூபாய்க்கும், தேநீர் இருநூறு ரூபாய்க்கு மேலும் விற்கப்படுவதை மாநிலங்களவை உறுப்பினர் ராகவ் சத்தா 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அதே மாதம் கொல்கத்தா விமான நிலையத்தில் முதல் உடான் யாத்ரி கஃபே திறக்கப்பட்டது. சென்னையில் 2025 பிப்ரவரி 27 அன்று தொடங்கப்பட்டது. சென்னை விமான நிலையத்தை இந்திய விமான நிலைய ஆணையமே நேரடியாக நடத்துவதால், இத்தகைய விலையில் விற்க ஓர் இடத்தை ஒதுக்குவது இங்கே எளிதாயிற்று என்று கருதுகிறேன். பேருந்துக்குப் பதிலாக விமானத்தில் செல்லும் நடுத்தரக் குடும்பங்கள் பெருகிவிட்ட நிலையில், இது சலுகை அன்று, அடிப்படை வசதி.

ஆயினும் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்தக் கஃபே பாதுகாப்புச் சோதனைக்கு முந்தைய பகுதியில் உள்ளது. சூடான காபிக் கோப்பையுடன் சோதனை வரிசையில் நிற்க முடியாது என்பதால், குடித்து முடித்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு விமான நிறுவனங்கள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 25 நிமிடங்களுக்கு முன்பே வாயிலை மூடிவிடுகின்றன. எனவே, இங்கே அமர நினைப்பவர்கள் வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாக வருவது நல்லது. பன்னாட்டு முனையம் தனிக் கட்டடமாக இருப்பதால், அங்கிருந்து புறப்படுவோருக்கு இது பயன்படாது.

என் ஒரே குறை இதன் இருப்பிடம் குறித்ததுதான். விமானம் தாமதமாகும் நாள்களில் கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் மக்கள் மணிக்கணக்கில் காத்திருப்பது சோதனைக்கு அப்பால் உள்ள நாற்காலிகளில்தான். அவர்களுக்குப் பசியெடுக்கும்போது இந்த இருபது ரூபாய்க் காபி எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கும் இதே விலையில் ஒரு கிளையை ஆணையம் திறக்க வேண்டும்.