கிளாசிக் மினி: ரப்பர் கோனுக்குப் பதில் காயில் ஸ்பிரிங், நீண்ட நாள் பயன்பாட்டில்

1959-இல் வந்த மினி என்ற பிரிட்டிஷ் சின்னக் காருக்கு அலெக்ஸ் மோல்ட்டன் வடிவமைத்தது ரப்பர் கோன் சஸ்பென்ஷன்; அதில் கூம்பு வடிவ ரப்பர்தான் ஸ்பிரிங். பத்து அங்குலச் சக்கரத்தோடு, உள்ளே நாலு பேர் உட்கார இடம் பண்ண வேண்டியிருந்ததால் அவ்வளவு சின்ன ஸ்பிரிங்தான் கட்டுப்படியானது. நாளாக ஆக அந்த ரப்பர் அமுங்கி, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ரீஸ்டோரேஷனுக்கு வரும் வண்டிகளில் அநேகமாக நாலு கோனும் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருக்கும். அப்போதுதான் காயிலுக்கு (இரும்புச் சுருள் ஸ்பிரிங்குக்கு) மாறலாமா என்ற கேள்வி வருகிறது.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1964 முதல் 1971 வரை பல மினிகளில் ஹைட்ரோலாஸ்டிக் என்ற திரவ சஸ்பென்ஷன் இருந்தது. அதன் சப்ஃபிரேமே (சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) வேறு. காயில் கிட்டை வாங்கி நேரே மாட்ட முடியாது.

தேவையானவை: காயில் 4, உயரம் மாற்றக்கூடிய ஹை-லோ டிரம்பெட் (ஸ்பிரிங்கையும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மையும் இணைக்கும் தண்டு) 4, நக்கிள் ஜாயின்ட் (டிரம்பெட் நுனியில் வரும் பந்து-கிண்ண மூட்டு) 4, ஷாக் அப்சார்பர் 4. பழைய நக்கிளைத் திரும்பப் போடவே கூடாது. அதன் நைலான் கிண்ணம் தேய்ந்து, பந்து இரும்பிலேயே உரசிக்கொண்டிருக்கும். கிரீச் சத்தத்தின் வேர் பெரும்பாலும் அதுதான்.

கஷ்டம் முன்பக்கத்தில்தான். சப்ஃபிரேம் டவரின் மேலிருந்து கோனை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் டூலை இறக்கி, கோனின் நடுமரையில் முழுசாக ஏற்றிய பிறகே இறுக்க வேண்டும். பழைய கோனில் அங்குல மரை, பின்னாள் கோனில் மெட்ரிக் மரை. மாற்றிப் போட்டாலோ அரைகுறையாக ஏற்றினாலோ மரை உரிந்து, கோன் வெடித்ததுபோல் விரியும். அங்கே இருக்கும் விசை சக்கரத்தின் பாரத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, விரலைக் கொடுத்துவிடாதீர்கள். மேல் ஆர்மைக் கழற்றினால்தான் கோன் வெளியே வரும். எப்படியும் கழற்றுகிறோம், நீடில் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பின்பக்கம் எளிது. ஷாக்கின் கீழ் நட்டை எடுத்து ஆர்மை இறக்கினால் டிரம்பெட் வந்துவிடும். ஆர்மின் பாரம் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது, கீழே ஜாக்கி கொடுங்கள்.

உயரம் வைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின் ஆர்மின் நெம்புகோல் விகிதம் சுமார் 5:1. ஹை-லோவில் 1 மில்லிமீட்டர் திருப்பினால் பின்பக்கம் 5 மில்லிமீட்டர் எழும்பும், முன்பக்கம் 3. கால் சுற்றாகத் திருப்பி, வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டி, ஹப் (சக்கர மையம்) நடுவிலிருந்து சக்கரத்துக்கு மேலுள்ள ஆர்ச் விளிம்பு வரை அளந்து பாருங்கள். அதற்குப் பிறகே வீல் அலைன்மென்ட்: முன்னால் 1.6 மில்லிமீட்டர் டோ-அவுட் (சக்கரங்களின் முன்விளிம்பு வெளியே விரிவது), பின்னால் 3.2 மில்லிமீட்டர் டோ-இன் (உள்ளே குவிவது).

ஓட்டத்தில் முதலில் தெரிவது, சின்னச் சின்னப் பள்ளங்களில் வரும் அந்தத் 'தட் தட்' குறைவது. முதுகுக்கு நிஜமாகவே நிம்மதி. ஆனால் ரப்பர் வெறும் ஸ்பிரிங் மட்டுமல்ல. அமுங்க அமுங்க இறுகும், அதிர்வையும் தானே கொஞ்சம் விழுங்கும். காயில் இரண்டையும் செய்யாது. பழைய ஷாக்கையே வைத்து மாற்றிய வண்டி வேகத்தடையைத் தாண்டியதும் படகுபோல் ஆடும். நாலு பேர் ஏறினால் பின்பக்கம் தரைதட்டும். காயிலில் காசு போட்டுவிட்டு ஷாக்கில் மிச்சம் பிடிப்பது சுத்தத் தவறு.

பின்னால் நீளம் கூடிய ஷாக் போடுவதும் ஆபத்து. பின் ஆர்ம் கீழே இறங்கும் எல்லையை அந்த ஷாக்தான் நிறுத்துகிறது. அது நீண்டுவிட்டால் ஜாக்கியில் தூக்கும்போது காயில் தளர்ந்து, நக்கிள் கிண்ணத்தை விட்டு நழுவும். அதைக் கவனிக்காமல் வண்டியை இறக்கினால் டிரம்பெட் கோணலாக உட்காரும். ஒவ்வொரு முறை சக்கரம் கழற்றிய பிறகும் டார்ச் அடித்து நக்கிளின் டஸ்ட் கவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

ஹை-லோவின் மரை மழைச் சேற்றில் இறுகிப்போகும். மாட்டும்போதே காப்பர் கிரீஸ் பூசுங்கள். மேல் ஆர்ம், பின் ஆர்ம் கிரீஸ் நிப்பிள்களை மறந்தால், எந்த ஸ்பிரிங் போட்டாலும் பேரிங் போய்விடும்.

வளைவில் வண்டி தண்டவாளம்போல் ஒட்டிப் போக வேண்டும், அந்தப் பழைய மினி உணர்வு கெடக் கூடாது என்பவர்கள் புது ரப்பர் கோனே போடலாம். புதுக் கோன் முதல் சில மாதம் உயரமாக நின்று பிறகு அமரும். அதுவரை உயரத்தைத் தொடாதீர்கள்.