சூடேறும் டிரைவ்வே: ஒட்டாவாவில் ஆறு குளிர்காலங்கள்

2019 கோடையில், தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பழைய தார் டிரைவ்வேயைப் பெயர்த்தெடுத்துவிட்டு, பனியை உருக்கச் சூடான திரவம் ஓடும் குழாய் பதித்த கான்கிரீட் போட்டோம். வாசற்படி, கதவு வரை வரும் நடைபாதை, இரண்டு கார் நிற்கும் இடம் எல்லாம் சேர்த்து 60 சதுர மீட்டர். அதற்கு முந்தைய பிப்ரவரியில் வாசற்படியில் வழுக்கி விழுந்து மனைவிக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அந்தக் கோபத்தில் எடுத்த முடிவு இது. செலவு 28,000 கனடிய டாலர். தொகையைக் கேட்டதும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது, "வேலை செய்கிறதா?" செய்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உருகின தண்ணீர் எங்கே போகிறது?" போடும்போது நானும் அதைக் கேட்கவில்லை.

முதலில் மின்கம்பிதான் பதிக்க நினைத்தேன். பாய்லர், பம்ப் தொல்லை இல்லை. ஆனால் சதுர அடிக்கு 50 வாட் என்று கணக்குப் போட்டால் எங்கள் இடத்துக்கு 32 கிலோவாட் வருகிறது. 240 வோல்ட்டில் 130 ஆம்பியருக்கு மேல். எங்கள் வீட்டுக்கு வரும் மொத்த இணைப்பே 100 ஆம்பியர்தான். சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கம்பி பதிப்பவர்களும் உண்டு; நடுவில் பனி மேடு நிற்கும், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆக, கேஸ் பாய்லர், பெக்ஸ் எனும் வளையும் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் தண்ணீரும் அது உறையாமல் காக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவமும் பாதிக்குப் பாதி. இந்தக் கலவை மைனஸ் 34 டிகிரி வரை உறையாது. குழாய்க்குக் கீழே, நம் ஊர் தெர்மாக்கோலைக் கெட்டியாகச் செய்ததுபோல ஒரு பலகை. சூடு மண்ணுக்குள் இறங்காமல் இருக்க அது வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் அதை அடியில் போட்டார், ஓரங்களில் போடவில்லை. இன்றுவரை ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பனி கடைசியில்தான் உருகும்.

இந்த அமைப்பைப் பற்றி யாரும் சொல்லாத விஷயம், பனியைவிடக் கான்கிரீட்தான் அதிகச் சூட்டைத் தின்கிறது என்பது. 10 செ.மீ. புதுப்பனி உருகினால் ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணீர். 60 சதுர மீட்டருக்கு 600 கிலோ. அதை உருக்க 60 கிலோவாட் மணி போதும். ஆனால் 12 செ.மீ. தடிமனுள்ள எங்கள் கான்கிரீட்டின் எடை 17 டன். அதை மைனஸ் 15-லிருந்து பூஜ்யத்துக்கு மேலே கொண்டுவரவே அதைவிடக் கூடுதலாக வேண்டும். காற்றில் போவது தனி. அதனால்தான் பனி கொட்ட ஆரம்பித்த பிறகு சுவிட்சைப் போட்டால் பல மணி நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் குழாய் போகும் இடமெல்லாம் புலிவரிபோலக் கறுப்புக் கோடுகள் தெரியும். அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இப்போதெல்லாம் வானிலை அறிக்கையில் பனி என்று வந்தால் முந்தின இரவே ஓடவிட்டுவிடுகிறேன்.

தானாக ஓட வேண்டிய அமைப்புதான். தரையில் பதித்த சென்சார் ஈரத்தையும் வெப்பநிலையையும் பார்த்து பாய்லரை எழுப்ப வேண்டும். அதைப் பதித்த இடம் என் மனைவியின் கார் நிற்கும் இடம்! காருக்கு அடியில் எங்கே பனி விழும்? முதல் குளிர்காலத்தின் பாதி, ஏன் ஓட மாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டதில் போயிற்று. கடைசியில் கார் நிறுத்தும் இடத்தை மாற்றினோம். இரண்டாம் வருடம் ஒரு குழாய் வளையத்தில் காற்று அடைத்துக்கொண்டு டிரைவ்வேயின் ஒரு மூலை மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. ஆள் வந்து காற்றை வெளியேற்றினார், சரியாயிற்று.

இனி தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் டிரைவ்வே தெருவை நோக்கிச் சரிகிறது. எங்கள் எல்லை முடியும் இடத்தில் சூடும் முடிகிறது. மேலே உருகின தண்ணீர் அத்தனையும் அந்தக் கோட்டைத் தாண்டியதும் குளிர்ந்த தாரில் போய்ப் பளிங்குத் தரையாக உறைந்தது. ஒரு நாள் காலை நாயோடு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அதில் வழுக்கி, நல்லவேளை, என் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உன் பனியை எனக்கு ஐஸாக அனுப்புகிறாயா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கோடையில் டிரைவ்வேயின் வாயில் குறுக்கே கான்கிரீட்டை வெட்டி, கம்பித் தட்டு போட்ட வடிகால் வைத்தோம். அதற்குள்ளும் சூட்டுக் கம்பி போட வேண்டும், இல்லாவிட்டால் வடிகாலே உறைந்துவிடும். தண்ணீர் இப்போது மண் உறையும் ஆழத்துக்குக் கீழே உள்ள ஜல்லிக்குழிக்குப் போகிறது. இன்னொரு 4,200 டாலர்.

அப்படியும் பனி அள்ளும் ஷவலை விட முடியவில்லை. நகராட்சி வண்டி தெருப்பனியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வயல் வரப்புபோல ஒன்றைக் கட்டிவிட்டுப் போகும். கல்லுபோல இறுகிய பனி, எங்கள் சூடு எட்டாத இடத்தில். வீட்டுக்காரர்தான் அள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்கோ, பருவத்துக்கு ஒரு தொகை பேசிய டிராக்டர்காரர் பனி ஊதும் இயந்திரத்தோடு வந்து வரப்பையும் சேர்த்து ஊதிவிட்டுப் போகிறார்.

2022 ஜனவரி 17-ஆம் தேதி, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கீழே உருக உருக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. கான்கிரீட் முழுதும் தெரிய மறுநாள் ஆயிற்று. ஆனால் டிரைவ்வேயில் நான் பனியைத் தள்ளவேயில்லை என்பதும் உண்மை. 2023 ஏப்ரல் 5 வேறு கதை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும் மழை; மரக்கிளைகள் முறிந்து ஊரெங்கும் மின்சாரம் போயிற்று. கேஸ் இருந்தென்ன, பம்ப் சுற்ற மின்சாரம் வேண்டுமே. மிச்சச் சூடு தீர்ந்ததும் எங்கள் டிரைவ்வேயும் மற்றவர்களுடையதைப் போலவே ஆகிவிட்டது.

கேஸுக்கு மட்டும் ஒரு குளிர்காலத்துக்கு 350-லிருந்து 500 டாலர் ஆகிறது. டிராக்டர்காரரும் ஏறக்குறைய அதையேதான் வாங்குகிறார். மிச்சிகனின் ஹாலந்து நகரில் 1988-லிருந்து கடைத்தெருவுக்கு அடியில் வெந்நீர் ஓடுகிறது, மின்நிலையத்தில் வீணாகும் சூட்டை வைத்து. ரெய்க்யாவிக்கில் வீடுகளைச் சூடாக்கி முடித்து வெளியே வரும் நிலத்தடி வெந்நீர் நடைபாதைக்கடியில் போகிறது. தூக்கியெறியும் சூட்டில் பனி உருக்குவது புத்திசாலித்தனம். நான் புதிதாக கேஸ் எரித்து உருக்குகிறேன். அது மனதுக்குள் உறுத்துகிறது.

ஆனால் வாசற்படியையும் நடைபாதையையும் பற்றிக் கேட்டால் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆறு வருடமாக அங்கே யாரும் வழுக்கவில்லை. உப்பு போடுவதில்லை, அதனால் செருப்பில் வெள்ளைக் கறை இல்லை, கதவோரம் கான்கிரீட் பொரிந்து உதிரவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த மாமியார், "என்ன மாப்பிள்ளை, வாசல் காய்ந்து கிடக்கிறதே" என்று மார்கழியில் கோலம்கூடப் போட்டார்.

மறுபடி கட்டினால் வாசற்படியும் நடைபாதையும் சேர்ந்த அந்த 10 சதுர மீட்டருக்கு மட்டும்தான் போடுவேன், அதுவும் மின்கம்பி. ஐந்தரை கிலோவாட்டுக்கு 30 ஆம்பியர் பிரேக்கர் போதும். டிரைவ்வேக்கு டிராக்டர்காரர்.

குழாய்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு விஷயம். கிளைக்காலை வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். நாளாக நாளாக அதில் துருத் தடுப்பு குறைந்துவிடும். கான்கிரீட் ஊற்றும் முன் குழாய்களின்மேல் அளவுநாடாவை விரித்து வைத்து மூலைக்கு மூலை படமெடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் மகனுக்குக் கூடைப்பந்துக் கம்பம் நட வேண்டியிருந்தது. துளை போட வந்தவர் அந்தப் படங்களைக் கையில் வாங்கிய பிறகுதான் டிரில்லை எடுத்தார்.