மாலை வெயிலா, வாசல் நிழலா?

பெண்களை வெளியிடத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றால் எல்லாரும் சொல்வது சாயங்கால வெயிலைத்தான். அந்தப் பொன் வெளிச்சம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில், நம் நிறத்துக்கு, என் ஓட்டு, வாசல் நிழலுக்கே.

முதலில் மாலை வெயிலைப் பார்ப்போம். சூரியன் தாழ்ந்திருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் வரும், கண்ணுக்குக் கீழே கறுப்பு தட்டாது. வெயிலை முதுகுப் பக்கம் வைத்து நிறுத்தினால் கூந்தலின் ஓரமெல்லாம் மின்னும். சிக்கல் நேரத்தில்தான். அந்தப் பொன் வெளிச்சம் கிடைக்கும், அடிவானத்துக்கு மேலேயுள்ள கடைசி 6 பாகை (டிகிரி) இறங்க, கோடைகால லண்டனில் சூரியனுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்னையில் சுமார் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். கேமரா முன்னால் நின்று பழகாத பெண்ணுக்குத் தோள் இறுக்கம் தளரவே பாதி நேரம் போய்விடும். சிரிப்பு இயல்பாக வரும்போது வெளிச்சம் இருக்காது. மெரினாவில் எடுப்பதாக இருந்தால் இன்னொன்று: அது கிழக்குக் கரை. மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும், அங்கே விடியற்காலைதான் சரி.

வாசல் நிழலுக்கு இந்த அவசரம் கிடையாது. திண்ணை, கோயில் மண்டபம், கடை முகப்பு என எதுவானாலும், நிழல் முடியும் கோட்டுக்கு ஒன்றிரண்டு அடி உள்ளே அவரை நிறுத்தி, வெளிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். எதிரே வெயில் படும் வெள்ளைச் சுவர் இருந்துவிட்டால் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டர் வேறு தேவையில்லை. வெளிச்சம் முகம் முழுக்கச் சீராகப் பரவும், கண்மணியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து பார்வைக்கு உயிர் வரும். மாநிறமும் கறுப்பும் இந்த வெளிச்சத்தில்தான் பளபளக்கும். தலையில் வைத்த மல்லிகையைக் கவனியுங்கள்: நேர் வெயிலில் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், நிழலில் மொட்டு மொட்டாகத் தெரியும். சிவப்புப் பட்டுப் புடவை வெயிலில் தாடையின் அடியில் செந்நிறம் ஏற்றிவிடும். நிழலில் அது வெகுவாகக் குறையும்.

நிழலிலும் குறை உண்டு. முகத்தில் லேசாக நீலம் ஏறி, சாம்பல் பூத்தது போல ஆகலாம். கேமராவில் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'ஷேட்' (நிழல்) என்று மாற்றினால் சரியாகிவிடும். பின்னணி வெளிச்சமாக இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும், அதனால் கேமரா வெளிச்சத்தை அளக்கும் இடத்தை முகத்தில் வைத்தே எடுங்கள். மரநிழலை மட்டும் நம்ப வேண்டாம். இலை இடுக்கில் வரும் வெயில் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழும், பச்சைச் சாயலும் சேரும்.

உச்சி வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைத் தெர்மாகோல் அட்டை பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிச் சமாளிக்கலாம்தான், ஆனால் அந்த வெளிச்சத்தில் கண் சுருங்கிவிடும்.

லென்ஸில் 50 எம்எம்மைவிட, தூரத்திலிருப்பதை இன்னும் பெரிதாகக் காட்டும் 85 எம்எம் என் தேர்வு. அதே அளவு முகத்துக்கு இன்னும் தள்ளி நிற்பதால் மூக்கும் நெற்றியும் துருத்தாது. மொபைல் என்றால் கிட்டே போகாமல் இரண்டடி பின்னால் வந்து 2எக்ஸ் ஜூம் வையுங்கள். தோலை வெளுக்கும் பியூட்டி மோடைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள், அவருடைய நிறம் அப்படியே இருக்கட்டும்.

மாலை வெயில் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 4 மணிக்கே வந்து, முக்கால்வாசிப் படங்களை நிழலில் முடித்துவிடுங்கள். கூச்சம் போனதும், அந்தக் கடைசி 25 நிமிடத்துக்கு அவரை வெயிலுக்குக் கூட்டிப் போங்கள்.