டெரகோட்டா தரைக்கு ஆசிட் ஊத்த விட்டுடாதீங்க, எனக்கு 14,500 போச்சு

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. டெரகோட்டா தரையில பழைய கோட்டிங்க எடுக்குறது எப்படின்னு முழுசா எழுதலாம்னுதான் உக்காந்தேன், ஆனா முதல்ல என் 14,500 ரூபா கதையக் கேளுங்க.

பாண்டிச்சேரில அப்பா கட்டுன வீடு, ஹால் முழுக்க சுட்ட மண் டைல்ஸ். பத்து வருஷம் முன்னாடி ஒரு பெயிண்டர் பேச்சக் கேட்டு மேல கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) அடிக்க விட்டாரு, அது இப்ப மஞ்சளாகி மீன் செதில் மாதிரி உரியுது, மிச்சம் என்ன தேய்ச்சாலும் போகல. சரின்னு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப்ல புக் பண்ணேன். வந்த தம்பி அவ்ளோ மரியாதை, செருப்ப வாசல்லயே விட்டுட்டு, "அக்கா, முதல்ல ரெண்டு டைல் செஞ்சு காட்டுறேன், புடிச்சா மட்டும் காசு குடுங்க"ன்னாரு. பீரோவ நகத்தி அடியில தேய்ச்சாரு, பத்தே நிமிஷம், செக்கச்செவேல்னு வந்துச்சு. அங்கேயே நின்னு 14,500ஐயும் அனுப்பிட்டேன். ராத்திரிதான் உறைச்சுது, அந்த பெயிண்டர் பீரோவ நகத்தாம சுத்திதான் அடிச்சிருந்தாரு, அடியில கோட்டிங்கே கிடையாது!

ஊத்துனது ஆசிட். கெட்டியான கோட்டிங்க அது ஒண்ணும் பண்ணாது, இடுக்குல இருக்குற சிமெண்டத்தான் தின்னும். அதேதான் ஆச்சு, ஜாயிண்ட் எல்லாம் பொரிஞ்சு போச்சு, அப்புறம் தேய்க்குற மெஷின் போட்டாரு, பாதி இடத்துல கோட்டிங் அப்படியே இருக்கு, பாதி இடத்துல டைலோட மேல்தோலே போய் சொரசொரங்குது, காஞ்சதும் வெள்ளையா உப்பு பூத்துடுச்சு.

ஆப் கம்பெனிக்கு போன் பண்ணா "டைலோட நேச்சரே அப்படித்தான் மேடம்." மறுநாள் வேற பொண்ணு, போட்டோ கேட்டாங்க, ஒன்பது போட்டோ அனுப்புனேன், சாயங்காலம் "உங்கள் பிரச்சனை தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ். யாருக்குத் தீர்ந்துச்சு? 14,500ல ஒத்த ரூபா வரல, அடுத்த புக்கிங்குக்கு 200 ரூபா கூப்பன் தராங்களாம்!! அந்தத் தம்பி நம்பர் ரிங் போயிட்டே இருக்கு.

சீக்கிரம் சொல்லிடுறேன். சாம்பிள் செய்றதுன்னா கோட்டிங் தடிமனா இருக்குற இடத்த நீங்களே காட்டுங்க. ஆசிட் கேன் கண்ணுல பட்டா வாசலோட அனுப்பிடுங்க. பஞ்சுல தின்னர் நனைச்சு கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு இளகுனா தின்னர்லயே வரும், இளகலன்னா பெயிண்ட் ரிமூவர்தான், எதுவானாலும் ஜன்னலத் திறந்து வச்சு, கிளவுஸ் போட்டு, பக்கத்துல அடுப்பு எரியாம. கழுவுனப்புறம் உள்ள வரைக்கும் காயாம மேல எதுவும் அடிக்காதீங்க. காசு வேலை முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு.

மீதிய அப்புறம் எழுதுறேன், அம்மா கத்துறாங்க, பூஜை ரூம் வாசல்லயும் உப்பு பூக்குதாம்.